தாங்கிக்கு மேலே ஏறுவது யார்?

எது நடந்தாலும் கிணற்றைக் குற்றஞ்சாட்டுவது எங்களுக்குப் பழகிப்போன விடயம். அதில் நியாயமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நிலத்தின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்குள்ளால் மலசலகூடக் குழியின் கசிவு கிணற்றை வந்தடைய அதிக காலம் எடுப்பதில்லை. நெருக்கமான குடியிருப்புகளில் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் விடவேண்டிய தூரத்தை விடுவதற்குக் காணியே இருப்பதில்லை. ஆகவே வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி என்று எது வந்தாலும் "கிணற்றுக்குக் குளோரின் போட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்போம். நானும் அப்படித்தான் கேட்டேன்.

கடந்த வருடம் மாரி முடிந்த கையோடு, வலிகாமத்தில் நான் வேலை செய்யும் கிராமமொன்றில் நாலு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை வயிற்றோட்டம் வந்தது. மூன்றாம் முறை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும் நிலைக்குப் போய்விட்டது. தகப்பன் இல்லை. தாய் தையல் வேலைக்குப் போகிறவர். பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா. நான் போனபோது அவருக்குச் சரியான கோபம்.

"பிள்ளை, நீங்கள் சொன்னபடிதானே கிணத்துக்கு மருந்து போட்டனாங்கள். இதுக்கு மேலை என்ன செய்யிறது? எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதெண்டு சொல்ல வந்தனீங்களோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து கிணற்றிலிருந்து ஒரு போத்தலும் குசினிப் பைப்பிலிருந்து ஒரு போத்தலும் தண்ணீர் எடுத்து அனுப்பினார். கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று முடிவு வந்தது. பைப் தண்ணீரில் மலத்திலிருந்து வருகின்ற ஈ-கோலை பற்றீரியா இருந்தது. கிணற்றுக்கும் பைப்புக்கும் இடையில் இருப்பது ஒரேயொரு சாமான்தான். ஐந்நூறு லீற்றர் தாங்கி.

அவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு என்னையும் ஏறச் சொன்னார். மூடி வெயிலில் வெடித்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மேலே காக எச்சம். உள்ளே செத்த பல்லி ஒன்றும், அடியில் விரற்கடை அளவுக்குச் சேறும். சுவரில் கையை வைத்தால் வழுக்கியது.

அந்தத் தாங்கியை 2016 இல் எங்கள் நிறுவனந்தான் கொடுத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பட்டியலோடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள் நான். அதைக் கழுவவேண்டும் என்று ஒரு வீட்டிலும் சொன்னதாக ஞாபகம் இல்லை. எனக்கே அது தோன்றவில்லை.

சுவரில் வழுக்கிய அந்த வழும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வெறும் அழுக்கு என்று நினைக்கிறோம். அது பற்றீரியாக்கள் தாமே சுரந்து தமக்குக் கட்டிக்கொள்ளும் வீடு. தண்ணீர் தேங்கி நிற்கும் தாங்கி, பைப்பின் உட்புறம், குளிக்கும் சவரின் துளைகள் எல்லாவற்றிலும் இது படியும். குளோரின் தண்ணீரில் மிதக்கும் கிருமியைச் சுலபமாகக் கொல்லும். ஆனால் வழும்புக்குள் இருப்பதை எட்டுவது கடினம். சேறும் வழும்பும் குளோரினைத் தின்றுவிடுவதால், கிணற்றில் நாம் போட்ட மருந்து பைப்புக்கு வரும்போது மிச்சமிருப்பதில்லை. அம்மம்மா செய்ததில் பிழையில்லை. மருந்து தாங்கியோடு முடிந்துவிட்டது.

இதில் இரண்டு வகையான ஆட்கள் இருக்கிறார்கள். ஈ-கோலை, சல்மொனெல்லா போன்றவை வெளியிலிருந்து வரும் விருந்தாளிகள். பறவை, எலி, பல்லியின் எச்சத்தோடு வரும். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் கிடியன் என்ற சிற்றூரில் 1993 இல் ஊர்த் தண்ணீர்த் தாங்கிக்குள் பறவை எச்சம் போய், 600 பேருக்கு மேல் சல்மொனெல்லாவால் நோயுற்றார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த 7 பேர் இறந்தார்கள். இரண்டாவது வகை, தாங்கியிலேயே குடியிருந்து பெருகுபவை. சூடோமோனஸ், லீஜியனெல்லா என்பன இந்த வகை. 1976 இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த மாநாட்டுக்குப் போனவர்களிடையே பரவிய நியூமோனியாவில் 182 பேர் பாதிக்கப்பட்டு 29 பேர் இறந்த பிறகுதான் லீஜியனெல்லாவையே கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் தண்ணீரின் நுண்ணிய தூறலைச் சுவாசிக்கும்போதுதான் அது நெஞ்சுக்குள் போகிறது. 25 பாகை முதல் 45 பாகை வரையான சூட்டில் நன்றாகப் பெருகும். எங்கள் வெயிலில் மொட்டையாக நிற்கும் தாங்கி மத்தியானத்தில் எவ்வளவு சுடும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் தொய்வுக்காரர் இருந்து நெபுலைசர் பாவித்தால், அதன் கிண்ணத்தைப் பைப் தண்ணீரில் அலசி ஈரத்தோடு வைக்காதீர்கள். கொதித்தாறிய நீரில் கழுவி உலரவிடுங்கள்.

"குடிக்கிறது கொதிச்ச தண்ணிதானே?" என்று அம்மம்மா கேட்டார். உண்மைதான், கொதிக்க வைத்திருக்கிறார். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் இந்தக் கிருமிகள் செத்துவிடும். ஆனால் பிள்ளை தாகமென்று அழும்போது ஆறும்வரை பொறுக்க ஏலாமல், கொஞ்சம் பைப் தண்ணீர் கலந்து கொடுத்திருக்கிறார். பேணி கழுவியதும் அதே தண்ணீர். எந்த வீட்டில்தான் இது நடக்காது?

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதைக் கதைத்தபோது தாங்கி கழுவியவர்கள் கையை உயர்த்தச் சொன்னேன். மூன்று பேர். ஏனென்று கேட்டதற்கு முதலில் சிரிப்பு, பிறகு ஒவ்வொன்றாக வந்தது. "ஆர் ஏறுறது?" வீட்டில் ஆண் இருந்தால் அவருக்கு நேரமில்லை. ஆண் இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் ஊர் கதைக்கும். கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லை. தானே ஏறினால் "பொம்பிளை வளையிலை நிக்கிறாள்" என்று அதற்கும் கதை. தண்ணீர் பெண்ணின் பொறுப்பு, தாங்கி ஆணின் உயரம். கொடுத்த நாங்கள் அதை யோசிக்கவில்லை. சமூகவியல் படித்தவள் என்று சொல்லிக்கொள்கிறேன்.

சங்கக் காசில் ஒரு அலுமினிய ஏணி வாங்குவதென்று அன்றே முடிவானது. தனியே ஒருவரும் ஏறுவதில்லை, இருவர் ஏணியைப் பிடிக்கவேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள்.

முதல் கழுவல் அம்மம்மா வீட்டில். தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டு, நீளப் பிடி பிறஷ்சால் வெளியிலிருந்தபடியே சுவரைத் தேய்த்து, சேற்றை அள்ளினோம். வழும்பு போகத் தேய்க்காமல் மருந்து மட்டும் போடுவது வீண். பிறகு தாங்கியை நிரப்பி, ஐந்நூறு லீற்றருக்கு எண்பது தொண்ணூறு கிராம் வரை புதிய பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவைத்துத் தெளிவை மட்டும் ஊற்றினோம். பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது. ஒவ்வொரு பைப்பையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து பூட்டினோம். ஒரு நாள் முழுக்க அந்தத் தண்ணீரை ஒருவரும் தொடக்கூடாது. பிறகு எல்லாவற்றையும் வெளியே விட்டு, மணம் போகும்வரை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். மலசலகூடம் கழுவும் அசிட்டை இதோடு சேர்த்துவிடாதீர்கள், வருகின்ற புகை நெஞ்சை அடைக்கும். மூடிக்குப் பதிலாகப் புது மூடி கிடைக்காததால் தகரத் தட்டு ஒன்றை வெட்டிக் கம்பியால் இறுகக் கட்டினோம். நுளம்பும் போகாது.

இரு கிழமை கழித்து எடுத்த பைப் தண்ணீரில் ஈ-கோலை இல்லை. பிள்ளை நேர்சரிக்குப் போகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை, மாரிக்கு முன்னும் பின்னும் கழுவுவதென்று சங்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னும் பதினொரு வீடு மிச்சம்.

ஏணி அம்மம்மா வீட்டுப் பத்தியில் தொங்குகிறது. எடுக்க வருபவர்களிடம் அவர் கொப்பியில் கையெழுத்து வாங்குகிறார். போன கிழமை என்னிடமும் வாங்கினார்.