மாற்று நாண் எது?

தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் மாலை வேளையில் பந்தாடும் வாலிபர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஓடிவரும் ஒருவன் சட்டென்று திரும்புகிறான். பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் சுழல்கிறது. முட்டிக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம். ஆட்டம் அத்தோடு சரி. ஜவ்வு அறுந்துவிட்டது என்பார்கள் வீட்டார். ஏ.சி.எல். என்பார் டாக்டர்.

அதற்காக வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் முழங்காலில் காயம்பட்டுக் களத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். அதிகம் ஓடியாடாதவர்கள் ஆபரேஷன் இல்லாமல் தேகப்பயிற்சியாலேயே சமாளிப்பதும் உண்டு.

ஆபரேஷன்தான் என்று முடிவானால், உடலின் வேறோர் இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துவார்கள். எந்த நாணை? இந்தக் கேள்விதான் நோயாளியின் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. அவரும் “எல்லாம் டாக்டர் பாடு” என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்!

முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள நாணின் நடுப்பகுதியைப் பயன்படுத்தும் முறையை அமெரிக்க டாக்டர் கென்னத் ஜோன்ஸ் 1963-இல் வெளியிட்டார். இப்போது இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு எடுக்கிறார்கள். எலும்போடு எலும்பு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். மேல்நாட்டு ஆட்டக்காரர்கள் பலர் இதையே விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் பிறகு மண்டியிட்டால் முட்டியின் முன்புறம் வலிக்கக்கூடும். நாற்காலியிலேயே காலம் கழிப்பவருக்கு அது பெரிதல்ல. ஐந்து வேளை தொழுபவருக்கு, தேவாலயத்தில் முழந்தாளிடுபவருக்கு, மண்டியிட்டபடியே நாளெல்லாம் டைல்ஸ் பதிக்கும் தொழிலாளிக்கு? அவர்களுக்கு அது பிழைப்பும் வழிபாடும் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆகவேதான் நம் நாட்டில் தொடையின் பின்புற நாண் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. வடு சிறியது, மண்டியிடும் தொல்லை குறைவு. ஆயினும் காலை மடக்கும் பலம் சற்றுக் குறையும். கபடி வீரருக்கும் ஓட்டக்காரருக்கும் அது அற்பமல்ல. சில்லுக்கு மேலுள்ள நாணும், கணுக்காலின் வெளிப்புற நாணும் இப்போது வழக்கத்துக்கு வந்திருக்கின்றன. இறந்தவரிடமிருந்து தானமாகப் பெறும் நாண் இளம் விளையாட்டு வீரர்களிடம் மீண்டும் அறுந்துபோவது அதிகம்.

டாக்டர்கள் தத்தம் கை பழகிய முறையை நாடுவது குற்றமல்ல; பழகிய கைக்கு மதிப்புண்டு. ஆனால் நோயாளி வீட்டில் எப்படி உட்காருகிறார், என்ன வேலை செய்கிறார் என்று கேட்டறிந்த பிறகே அந்தக் கை கத்தியை எடுக்கவேண்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நலம். தொடைப் பின்புற நாணை மடித்துத் திரித்தபின் அதன் தடிமன் 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மீண்டும் அறுந்துபோகும் அபாயம் கூடுகிறது. ஒல்லியான பெண்களிடம் இப்படி நேர்வதுண்டு. உண்மையான தடிமன் தெரிவது ஆபரேஷன் மேஜையில்தான். அப்போது நோயாளி மயக்கத்தில் இருப்பார். அந்த நிலைமையில் அடுத்து எந்த நாணில் கை வைக்கப் போகிறார் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.