குழுவில் ‘போதும்’ என்று சொல்வது யார்?

புக்கிட் பெருந்துங் வட்டாரத் தமிழர்களில் பலருக்குத் தோட்டமே பூர்வீகம். சுங்கை திங்கி, புக்கிட் தாகார் போன்ற தோட்டங்களில் ஏதேனும் சிக்கல் எழுந்தால், மக்கள் கோயில் திடலில் கூடிப் பேசுவார்கள். வாய் தடிக்கும்போது, “போதும் தம்பி, உட்காரு” என்று சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். இன்று அந்தத் திடல் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. குடியிருப்பாளர்களின் புலனக் குழுவில் தண்ணீர்த் தடை முதல் திருவிழாக் கணக்கு வரை எல்லாமே பேசப்படுகின்றன. ஆனால், ‘போதும்’ என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆள் வேண்டியதில்லை, தவறு செய்தவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பது சிலரின் வாதம். சட்டம் வரும், ஆனால் தாமதமாக வரும். 2024 ஜூலையில், இணையப் பகடிவதைக்கு ஆளான ஓர் இந்தியப் பெண் உயிரிழந்தார். அவ்வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 100 ரிங்கிட். நாடே கொதித்தது. தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, பகடிவதைக்கான புதிய பிரிவுகள் நடைமுறைக்கு வந்தது 2025 ஜூலை 11-இல்தான். இழிசொல் பதிவான அன்றே அதை நீக்க யாராவது இருப்பது அதைவிட மேல் அல்லவா?

கணினியே வடிகட்டிவிடும் என்று நம்புவதும் போதாது. 2020 ஜூனில், மலேசியாகினி செய்தித் தளத்தில் வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகள் நீதித்துறையை இழிவுபடுத்துவதாக வழக்குத் தொடரப்பட்டது. அத்தளத்தில் தகாத சொற்களைத் தடுக்கும் மென்பொருள் இருந்தது. காவல்துறை தெரிவித்த சில நிமிடங்களிலேயே அக்கருத்துகள் நீக்கப்பட்டன. ஆயினும், 19.2.2021-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்நிறுவனத்திற்கு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. எழுவரில் ஒருவரான நீதிபதி நளினி பத்மநாதன் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார். தெரிந்தவுடன் நீக்கியவருக்கு அதை வெளியிடும் நோக்கம் இருந்ததாகக் கொள்ள இயலாது என்பது அவர் கருத்து. அதில் நியாயம் இருக்கிறது. எனினும், 1950-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 114ஏ பிரிவு, இணையப் பதிவுக்குத் தளத்தின் உரிமையாளரையும் நிர்வாகியையும் பொறுப்பாளியாகக் கருதுகிறது. தாம் வெளியிடவில்லை என்பதை அவர்களே மெய்ப்பிக்க வேண்டும். செய்தி நிறுவனத்திற்கே இந்த நிலை என்றால், இரவு வேலை முடிந்து வந்து குழுவைத் திறந்து பார்க்கும் தன்னார்வலரின் பாடு என்ன?

ஆகவே, நெறிப்படுத்தல் தேவைதான். அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. “திருவிழாக் கணக்கு எங்கே?” என்று கேட்டவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, அதையும் நெறிப்படுத்தல் என்று சொல்லும் நிர்வாகிகள் உண்டு. அது வாயடைத்தல். அந்தக் கேள்வி குழுவில் இருக்க வேண்டும். “நீ திருடன்” என்ற ஏச்சும், சாதியை இழுக்கும் சொல்லும் போக வேண்டும். கசப்பான குறை வேறு, வசவு வேறு.

இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. எவை நீக்கப்படும் என்பதை ஒருவர் குழுவில் சேரும்போதே சொல்லிவிடலாம். பதிவை நீக்கினால், எழுதியவருக்குத் தனியாகக் காரணம் சொல்லலாம். நிர்வாகிகள் இருவராவது இருக்கட்டும். அவர்களில் ஒருவர் கோயில் குழுவிலும் பொறுப்பு வகித்தால், திருவிழாக் கணக்கு பற்றிய பதிவுகளை மற்றவரே கவனிக்கட்டும்.