கோர்ட்டு எல்லோருக்கும் ஒன்றா?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். "சார், சட்டத்தின் முன் அனைவரும் சமம்னு 14-வது பிரிவை மனப்பாடம் செய்ய வெச்சீங்களே. பணக்காரனுக்கும் ஏழைக்கும் கோர்ட்டு நிஜமாவே ஒண்ணுதானா?" இரண்டு வரியில் பதில் சொல்லும் கேள்வி இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

தீர்ப்பு எழுதும் நாளில் ஓரளவு ஒன்றுதான். அதற்கு முந்தைய நாட்களில் ஒன்றே இல்லை. இதுதான் என் கருத்து.

பெரிய இடம் என்றால் தண்டனையே கிடையாது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. ஜெயலலிதா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், தேதிகளை மட்டும் பாருங்கள். சொத்துக் குவிப்பு வழக்கு 1996-ல் பதிவானது. 2014 செப்டம்பரில் பெங்களூரு தனி நீதிமன்றம், முதலமைச்சராக இருந்தவருக்கே 4 ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அந்த நீதிபதி பதவியைப் பார்த்துத் தயங்கவில்லை. 2015-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தனி நீதிமன்றத் தீர்ப்பே சரி என்றது. அப்போது அவர் காலமாகி இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஒரு வழக்குக்கு இருபது வருடம்! வாய்தா வாங்கவும், மனுவுக்கு மேல் மனு போடவும், மூத்த வழக்கறிஞர்களை அமர்த்தவும் வசதி இருந்தால் வழக்கு அவ்வளவு தூரம் நடக்கும்.

நடிகர் சல்மான் கான் வழக்கு இன்னொன்று. 2002-ல் மும்பையில் நடைபாதையில் தூங்கியவர்கள் மீது கார் ஏறி ஒருவர் இறந்தார். 2015 மே 6-ஆம் தேதி செஷன்ஸ் நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. அன்றைக்கே உயர் நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன் கிடைத்தது. அந்த டிசம்பரிலேயே, ஆதாரம் போதாது என்று அவர் விடுதலையும் ஆனார். தீர்ப்பைப் பற்றி நான் பேசவில்லை. அந்த ஒரே நாள் ஜாமீனைத்தான் சொல்கிறேன்.

இப்போது மறுபக்கம். 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்குச் சுமார் 76 பேர். இவர்கள் குற்றவாளிகள் என்று அப்போது எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்கவில்லை.

இவர்களில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களும் உண்டு. எங்கள் தெருவில் பெயின்ட் அடிக்கும் பையன் ஒருவன், சின்னத் திருட்டு வழக்கு ஒன்றில் உள்ளே போனான். ஜாமீன் உத்தரவு வந்தது. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார்கள். அவன் அம்மாவிடம் ரேஷன் கார்டைத் தவிர ஒரு காகிதம் இல்லை. வீட்டு வரி ரசீதோடு நானும் இன்னொருவரும் போய்க் கையெழுத்துப் போடும்வரை, உத்தரவுக்குப் பிறகும் 19 நாள் உள்ளேயே கிடந்தான். அந்த 19 நாள் எந்தச் சட்டப் பிரிவின்படி?

இது புதிதும் இல்லை. 1978-லேயே மோதிராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அவருடைய அண்ணன் தம்பி ஒருவர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்கவில்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையிலேயே அவரை விடச் சொன்னார். 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. நடுவில் 45 வருடம் ஓடிவிட்டது, பேச்சு மட்டும் அதே பேச்சு.

"அப்படியென்றால் பணக்காரருக்கு உடனே ஜாமீன் தரக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தரட்டும். மேல்முறையீட்டை அன்றைக்கே கேட்க நீதிமன்றத்தால் முடிகிறது என்று அதனால்தான் நமக்குத் தெரிகிறது. ஒருவருக்கு முடிந்தது மற்றவருக்கும் முடிய வேண்டும். பெரியவர்களையும் இழுத்தடியுங்கள் என்று கேட்பது நியாயம் ஆகாது.

என் மாணவர்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், காவல்துறையில் இருக்கிறீர்கள், கோர்ட்டு ஊழியர்களும் இருக்கிறீர்கள். ஜாமீன் வந்தும் யாராவது உள்ளே இருந்தால், நிபந்தனையைத் தளர்த்த ஒரு மனு போடுங்கள். மற்றவர்கள் இதை நினைவில் வையுங்கள்: காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள். நன்றாகத் தெரிந்த ஏழைக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டு வந்தால், ஆள் தலைமறைவானால் பணம் கட்ட வேண்டிவரும் என்பதையும் யோசித்துக்கொண்டு, முடிந்தால் போடுங்கள்.

சட்டம் படித்தவர்கள், நான் எழுதியதில் திருத்தம் இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். தெரிந்துகொள்கிறேன்.