அப்பாவின் கொரோலாவும் என் பெருமைக் காரும்

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழா. பிள்ளைகள் மேலே கத்திக்கொண்டிருக்க, நாங்கள் அப்பாமார் நாலைந்து பேர் பேஸ்மெண்டில் ஒதுங்கியிருந்தோம். வீட்டுக்கடன் வட்டி, ஹொக்கி, யாருடைய முதுகு எங்கே வலிக்கிறது எல்லாம் பேசி முடிந்ததும் ஒருவர் கேட்டார்: "நீங்க வச்சிருந்ததிலேயே நல்ல கார் எது, மோசமான கார் எது?" அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் ஒருவரும் போனை எடுக்கவில்லை. கேக் வெட்டக் கூப்பிட்டதும் கேட்கவில்லை.

என் பதிலை அங்கே பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

மோசமானதில் இருந்து தொடங்குவோம், அதுதான் சுலபம். 2015ஆம் ஆண்டு, எனக்கு 25 வயது. மாஸ்டர்ஸ் முடித்து வேலை கிடைத்து ஒரு வருடம். பழைய ஐரோப்பியச் சொகுசு கார் ஒன்றை 17,500 டொலருக்கு வாங்கினேன். கம்பனியின் பெயர் வேண்டாம், படித்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கறுப்பு நிறம், தோல் இருக்கை, கதவைச் சாத்தினால் 'தொப்' என்று பணக்காரச் சத்தம். புதிதாக விற்றபோது அதன் விலை நான் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு. மூன்றில் ஒரு பங்கு விலையில் முழுக் காரும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இலாப நட்டக் கணக்குப் பார்க்கிற மென்பொருள் எழுதித்தான் அப்போது சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் புரியாமல் போனது இதுதான்: விலை இறங்கியது காருக்கு மட்டும். அதன் உதிரிப்பாகங்களுக்கும் மெக்கானிக்கின் மணிக்கூலிக்கும் இறங்கவில்லை. 50 ஆயிரம் டொலர் காரை 17 ஆயிரத்துக்கு வாங்கினாலும், பழுதுபார்க்கும்போது அது 50 ஆயிரம் டொலர் கார்தான். பழைய சொகுசு கார் ஒன்றை ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கை யாராவது வீட்டில் இருந்தால் இந்தப் பந்தியை மட்டும் வெட்டி அனுப்புங்கள்.

நாலாவது மாதம் எஞ்சின் விளக்கு எரிந்தது. 1990களின் கடைசியில் இருந்து வட அமெரிக்காவில் விற்கும் கார்களில், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சொருகி இருக்கும். 30 டொலருக்கு ஒரு சின்னக் கருவி வாங்கிச் சொருகினால் காரே தன் நோயை ஓர் இலக்கமாகச் சொல்லும். எனக்குக் குஷி. நான் நாள் முழுக்கச் செய்யும் வேலையே இதுதானே, பிழைப் பதிவுகளை வாசிப்பது. வந்த இலக்கம் பி0128. எஞ்சின் போதிய அளவு சூடாகவில்லை என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் மாற்றினேன், விளக்கு அணைந்தது. ஆறு வாரத்தில் வேறு இலக்கம். பிறகு இன்னொன்று. இலக்கம் நோயைச் சொல்வதில்லை, நோயின் அறிகுறியைத்தான் சொல்கிறது என்று பிடிபட ஒரு வருடமும் சில ஆயிரம் டொலரும் போயின. வேலையிலும் அதே கதைதான், ஆனால் அங்கே தவறாக ஊகித்தால் என் கடனட்டையில் பணம் போகாது.

அந்தக் காரில் குளிர்நீர் ஓடும் குழாய்களும் இணைப்புகளும் நிறைய பிளாஸ்டிக். சூடாகி, குளிர்ந்து, சூடாகி, குளிர்ந்து, பத்து வருடத்தில் அந்தப் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி ஆகிவிடுகிறது. அப்பா ஒருநாள் பொனட்டைத் திறந்து பார்த்தார். மேலே முழுவதும் ஒரு கறுப்பு மூடி. "எஞ்சின் எங்கை?" என்று கேட்டார். பகிடியாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

2017 ஜனவரி. ஒட்டாவாவில் ஒரு கலியாண வீடு முடிந்து நானும் மனைவியும் அம்மாவும் திரும்பி வருகிறோம். அப்பாவுக்கு அடுத்த நாள் வேலை, அவர் வரவில்லை. இரவு ஒன்பது மணி, வெளியே மைனஸ் 24. நெடுஞ்சாலை 401இல் பெல்வில் நெருங்கும்போது ஹீட்டரில் இருந்து குளிர்காற்று வரத் தொடங்கியது. குளிர்நீர் முழுக்க ஒழுகிவிட்டால் ஹீட்டருக்குச் சூடு கொடுக்க ஒன்றுமில்லை. அடுத்த நிமிடம் சிவப்பு விளக்கு. ஓரம் கட்டினேன். அம்மா பட்டுச் சேலைக்கு மேல் ஜக்கெட் போட்டிருந்தார். பக்கத்தில் லொறிகள் போகும்போதெல்லாம் கார் முழுக்க ஆடியது. டோ டிரக் வர ஒரு மணி நேரம்.

அப்பாவைக் கூப்பிட எனக்கு வெட்கம். மனைவிதான் கூப்பிட்டாள். ஸ்காபரோவில் இருந்து 170 கிலோமீற்றருக்கு மேல். "அசையாதேங்கோ, நான் வாறன்" என்றாராம். பழுது என்ன, எவ்வளவு, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. டோ டிரக் எங்களை ஒரு மூடிய கராஜில் இறக்கிவிட, எதிரே இருந்த டிம் ஹோர்ட்டன்ஸில் காத்திருந்தோம். நடுச்சாமம் தாண்டி அந்த 2004 கொரோலா வந்து நின்றது. அப்பா இறங்கி, அம்மாவுக்கு ஒரு போர்வையும் எங்களுக்குப் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் தந்தார். பிறகு "காரை ஒருக்காப் பாப்பம்" என்று டோர்ச் லைட்டோடு கராஜ் முற்றத்துக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். கதவைத் திறந்து சாரதி இருக்கையில் உட்கார்ந்தார். தோலைத் தடவிப் பார்த்தார்.

"சீற் நல்ல சொகுசு தம்பி. டோ டிரக் வருமட்டும் வசதியா இருந்திருக்கும்."

அவ்வளவுதான். இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் 5,200 டொலருக்கு விற்றேன். என் கணக்குத் தாளின்படி பழுதுச் செலவு மட்டும் 11,400.

இனி நல்ல கார். அப்பா பிழைப்புக்கு ஓட்டிய முதல் கார் கொரோலா இல்லை. ஊரில் சின்னையாவின் பழைய ஒஸ்ரின் ஏ-40. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராதபோது, அங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது உங்களில் பலருடைய வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெட்ரோல். அதைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது, அதனால்தான் முதலில் பெட்ரோல் வேண்டும். அந்தக் காலத்து எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, ஆகையால் அதைத் தாங்கின. இன்றைய காரில் முயன்றால் கதை முடிந்தது. புகை, நாற்றம், ஏற்றத்தில் இழுக்காது. ஆனால் பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்பாவுக்குக் கார் என்றால் அது. அடுத்த முறை ஸ்டார்ட் ஆகுமா, ஆகாதா என்பதுதான் ஒரே கேள்வி. தோல் இருக்கை அவருடைய கேள்வித்தாளிலேயே இல்லை.

2004இல் வாங்கிய கொரோலாதான் அவர் கனடாவில் புதிதாக வாங்கிய முதல் பெரிய பொருள். அதற்கு முன் கட்டில்கூட யாரோ தந்தது. 1.8 லீற்றர் எஞ்சின், ரப்பர் பட்டிக்குப் பதிலாகச் சங்கிலி, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி. ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜில் டொயோட்டா 1988 முதல் 2019 வரை கொரோலா செய்தது, எங்களுடையதும் அங்கே செய்ததுதான். "இதுவும் கனடாவிலை பிறந்ததுதான், உன்ரை தங்கச்சி மாதிரி" என்பார். 16 வயதில் ஜி1 எடுத்து நான் ஓடப் பழகியது அதில்தான், ஞாயிறு காலை ஒரு மோலின் வெறுமையான வாகனத் தரிப்பிடத்தில். பிரேக்கை மிதிக்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே அப்பாவின் வலது கால் தரையை அழுத்தும். பயணி இருக்கையின் கால்விரிப்பில் அந்த இடம் தேய்ந்தே போயிருந்தது.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடிப்பகுதிக்கு எண்ணெய் தெளிப்பு, வீதியில் கொட்டும் உப்பு தகரத்தைத் தின்னாமல் இருக்க. ஒவ்வொரு நவம்பரிலும் குளிர்கால டயர். ஒன்ராறியோவில் அது கட்டாயம் இல்லை, கியூபெக்கில்தான் சட்டம். ஆனால் 7 பாகைக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும் என்பதை அப்பா எந்தச் சட்டத்துக்கும் முன்பே கண்டுபிடித்திருந்தார். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒயில் மாற்றிய திகதியெல்லாம் தமிழில் எழுதியிருக்கும்.

நடுவில் நான் வைத்திருந்த ஹோண்டா சிவிக் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அதற்குப் பெரிய பாராட்டு. 2021இல் இரண்டாவது பிள்ளை வந்ததும், சத்தியமாக வாங்கமாட்டேன் என்று சொன்ன மினிவான் வாங்கினேன். கதவு தானாகத் திறக்கும்போது பெருமை எல்லாம் தானாகப் போய்விடுகிறது.

போன வருடம் கொரோலாவின் வலது பக்கத்தில் ஒரு கீறல் பார்த்தேன். ஒரு மாதத்தில் இன்னொன்று. பிறகு வலது பக்கக் கண்ணாடி உடைந்து டேப் ஒட்டியிருந்தது. "கடையிலை ஆரோ இடிச்சிட்டினம்" என்றார். எல்லாம் வலது பக்கமே. ஒரு நாள் மகளைத் தமிழ் வகுப்பில் இருந்து கூட்டி வந்தார். இறங்கியதும் அவள் சொன்னாள், "அப்பப்பா ஒரு சைக்கிள் மாமாவைப் பாக்கேல்லை. அந்த மாமா கத்தினவர்."

அப்பாவுக்கு க்ளொக்கோமா இருப்பது தெரியும், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறார். அந்த நோய் பார்வையைப் பெரும்பாலும் ஓரத்தில் இருந்து தின்கிறது. நேரே உள்ளது தெளிவாகத் தெரியும், பெயர்ப்பலகை வாசிக்கலாம், ஆகவே 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்பது பொய்யே இல்லை. போனது எது என்று போனவருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் சாதாரண ஓட்டுநர் அனுமதிக்குக் கிடையாகக் குறைந்தது 120 பாகை பார்வைப் பரப்பு வேண்டும். 80 வயதுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண் சோதனையோடுதான் புதுப்பிப்பு. அப்பாவுக்கு வயது 73. இன்னும் ஏழு வருடம் அவரை யாரும் கேட்கப்போவதில்லை.

நான் இரண்டு முறை பேச முயன்றேன். முதல் முறை அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார். இரண்டாவது முறை, "அப்ப நான் ஆற்றை காலிலை கோயிலுக்குப் போறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பெல்வில் கராஜ் முற்றம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அவருடைய அடுத்த கண் சோதனைக்கு முந்தின நாள், அவருக்குத் தெரியாமல் டாக்டரின் அலுவலகத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கீறல்கள், கண்ணாடி, சைக்கிள்காரர். அடுத்த நாள் கிண்ணம் போன்ற அந்தக் கருவிக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கும் சோதனை. 120 பாகை இல்லை. இப்படிப்பட்ட நிலையைக் கண்டால் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிப்பது இங்கே மருத்துவரின் சட்டக் கடமை. சில வாரத்தில் கடிதம் வந்தது. விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. அப்பா அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்து, மடித்துக் காரின் கையேட்டுக்குள் வைத்தார்.

குளிர்காலம் முழுக்கக் காலையில் போய்க் காரை ஸ்டார்ட் பண்ணி, சாரதி இருக்கையில் உட்கார்ந்து தமிழ் வானொலி கேட்டுவிட்டு வருவார். "பற்றரி இறங்கக் கூடாது" என்பார். பற்றரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வசந்தத்தில் அவரே சொன்னார், விற்பம் என்று. ஊரில் இருந்து படிக்க வந்த ஒரு பொடியனுக்கு, இரவு வேலைக்குப் போய்வர. முன் பிரேக்கை மாற்றியதும் கார் சேஃப்டி பாஸ் பண்ணியது. ஆயிரம் டொலர் பேசி, எண்ணூறு வாங்கி, அதில் நூறைக் குளிர்கால டயரைப் பூட்ட என்று திருப்பிக் கொடுத்தார். ஒயில் பார்க்கும் கம்பியை அந்தப் பொடியனைக் கொண்டே மூன்று முறை எடுத்துத் துடைத்துக் காட்டச் சொன்னார். மூன்றாவது முறைதான் சாவியைக் கொடுத்தார்.

கார் முடக்கில் திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றோம். "அப்பா, டாக்டரிட்டை முதல் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்பிடி?"

"வலப்பக்கக் கண்ணாடி உடைஞ்சதை அவர் கேட்டவர். டாக்டர் என்ன எங்கடை கராஜுக்கையோ இருக்கிறார்?"

கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதை எழுதலாமா என்று பிறகு ஒருநாள் கேட்டபோது, கிலோமீற்றரைச் சரியாகப் போடச் சொன்னார்: 3 இலட்சத்து 41 ஆயிரம். அன்றைக்கு வாசலில் சொன்னது வேறு.

"உன்ரை வானுக்குக் கடைசியா எப்ப ஒயில் பாத்தனி? பொனட்டைத் திற."