வேங்கடத்தின் அடியில் ஒரு மாநாடு

அயல்நாட்டில் குடியேறிய நம் குடும்பங்களுக்குத் தாயகத்திலிருந்து அழைப்புகள் வருவது புதிதன்று. திருமணம், புதுமனை புகுவிழா, ஊர்த் திருவிழா என்று ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கின்றன. இம்முறை நம் சங்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றிற்குச் சித்தூரில் நடைபெற்ற மாநாடு ஒன்றுக்கு அழைப்பு வந்தது. அவர்களோடு நாமும் சென்று வந்தோம். புறப்படுமுன் அன்பர்கள் நம்மிடம் கேட்டவை பல. எந்த ரயிலில் ஏறுவது என்றார் ஒருவர். தெலுங்கு தெரியாமல் மூன்று நாளை எவ்வாறு கழிப்பது என்றார் இன்னொருவர். வேறொருவர் மட்டும் சற்றே குரலைத் தாழ்த்தி, "திருப்பதி வழியாக வேதப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகலாமா? யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ?" என்றார். அவருக்கு விடை கூறுவதே இம்மாதக் கட்டுரையின் முதல் நோக்கம். ஆயினும் வழியை முன்னதாகச் சொல்லிவிடுவோம்.

சென்னையிலிருந்து அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி செல்வதே பலரும் அறிந்த பாதை. சித்தூருக்குப் போகிறவர்கள் அவ்வாறு சுற்ற வேண்டியதில்லை. காட்பாடியில் இறங்கி, வடக்கே செல்லும் வண்டியில் ஏறினால் ஒரு மணி நேர அளவில் சித்தூர் வந்துவிடும். அதே வண்டி பாகாலா வழியாகத் திருப்பதியையும் சென்றடையும். காட்பாடிக்கும் திருப்பதிக்கும் இடையே 104 கிலோமீட்டர். மீட்டர் பாதையாக நெடுங்காலம் இருந்து, பின்னர் அகலப் பாதையாக்கப்பட்ட ஒற்றைத் தடம் இது. இதனை இரட்டைத் தடமாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. அப்பணி நிறைவேறும்வரை எதிர்வண்டிக்கு வழிவிட்டுச் சிறு நிலையங்களில் காத்து நிற்பது பயணத்தின் ஒரு பகுதி என்று கொள்ள வேண்டும். நமக்கு அதில் வருத்தமில்லை. இருபுறமும் கரும்பாறைக் குன்றுகளும் மாந்தோப்புகளுமாகக் கண் நிறைந்த காட்சி. நாம் கிளிமூக்கு மாங்காய் என்று அழைப்பதை அங்கே தோத்தாபுரி என்கிறார்கள். அயல்நாட்டுக் கடைகளில் தகர டப்பியில் விற்கும் மாம்பழக் கூழ் இம்மாவட்டத்து ஆலைகளிலிருந்தும் வருகிறது என்று சொன்னவுடன், நம்முடன் வந்த பிள்ளைகள் சன்னலை விட்டு நகரவில்லை.

ஓர் எச்சரிக்கை. சீட்டு வாங்கும்போது திருப்பதி வேறு, திருப்பத்தூர் வேறு என்பதை நினைவிற் கொள்க. பின்னது ஜோலார்பேட்டைக்கு அருகிலுள்ள ஊர். 1921இல் தொடங்கப்பெற்ற கிறிஸ்துகுல ஆசிரமம் இருப்பதும் அங்கேதான். கிறிஸ்தவக் கூட்டம் என்றவுடன் அவ்வூரை நினைக்கிறவர்களும் உண்டு.

சித்தூரில் இறங்கியதும் கடைப் பலகைகள் யாவும் தெலுங்கில் இருக்கக் கண்டு நம்மவர் சிலர் திகைத்தனர். தேநீர்க் கடைக்காரர் தமிழில் விடையிறுக்கவே திகைப்பு இரட்டிப்பாயிற்று. இதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது இச்சித்தூரே. அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் முதல் நாளன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அங்கே சென்றது. வடக்கெல்லைக்காக ம.பொ.சி. அவர்கள் நடத்திய போராட்டத்தை மூத்த வாசகர்கள் அறிவர். அதன் பயனாக 1960இல் திருத்தணி நம்மிடம் வந்தது. தொல்காப்பியப் பாயிரத்தில் பனம்பாரனார் தமிழ் கூறும் நிலத்திற்கு வடக்கெல்லையாகக் குறித்த வேங்கடம் அப்பாலே நின்றுவிட்டது. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. எல்லைகள் இவ்வாறு இடம் மாறினும், வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆகவே இரு மொழியும் பேசும் குடும்பங்களை இங்கே தெருத்தோறும் காணலாம்.

மாநாட்டில் சொற்பொழிவுகள் பெரும்பாலும் தெலுங்கில் நிகழ்ந்தன. பக்கத்தில் ஒருவர் நின்று வாக்கியந்தோறும் தமிழில் பெயர்த்துரைத்தார். முதல் நாள் காலை நமக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாலைக்குள் பாதி பிடிபட்டது. ஸ்தோத்திரம், ஆத்துமா, இரட்சணியம் போன்ற சொற்கள் சிறு மாற்றத்தோடு இரு மொழிக்கும் பொதுவாயிருத்தலே காரணம். ஒருவரையொருவர் காணும்போது அங்குள்ள கிறிஸ்தவர்கள் கை கூப்பி "வந்தனாலு" என்கின்றனர். நம் பிள்ளைகள் அதை அரை நாளில் கற்றுக்கொண்டனர். போதகரை "ஐயகாரு" என்பர். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவர்கள் தம் குருவை ஐயர் என்று அழைத்ததை அறிந்த நமக்கு இது அயலாகத் தோன்றவில்லை. உணவில் ராகிச் சங்கடி என்று பெரிய உருண்டையாக வைத்தார்கள். அது நம் கேழ்வரகுக் களியேயன்றி வேறன்று.

பந்தியில் நம் அருகே அமர்ந்த மூதாட்டி ஒருவர் தமிழர். சித்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய பேரன் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறான். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. "வீட்டு ஜெபத்தில் என்ன செய்வீர்கள், பாட்டியம்மா?" என்று நம்முடன் வந்த பெண்மணி ஒருவர் கேட்டார். "அவன் தெலுங்கில் படிப்பான், நான் தமிழில் படிப்பேன். வசன எண் ஒன்றுதானே அம்மா!" என்று அம்மூதாட்டி சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. வீட்டில் தமிழ் வேதாகமம் ஒன்றுதான், அது அலமாரியில் இருக்கிறது. நாம் கடல் கடந்து சென்றதால் நேர்ந்தது என்று கருதியிருந்த நிலை, பிறந்த மண்ணை விட்டு ஓரடியும் நகராத ஒரு குடும்பத்துக்கும் நேர்ந்திருக்கிறது. எனினும் அம்மூதாட்டி பேரனோடு சேர்ந்து நாள்தோறும் இரு புத்தகங்களைத் திறக்கிறார். அன்றிரவு அப்பெண்மணி நம்மிடம், சங்கத்து ஞாயிறு வகுப்பில் பெரிய பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு வயது வரம்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்பதை ஈண்டு எல்லோருக்குமாகத் தெரிவிக்கிறோம்.

யாழ்ப்பாணத்து அன்பர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. சித்தூர், வேலூர், ஆரணிப் பகுதிகளில் 1853இல் ஆர்க்காடு மிஷனை நிறுவியவர் ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர். அவர் 1822இல் பிறந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு! தந்தையார் ஜான் ஸ்கட்டர் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, மருத்துவமும் சமயப் பணியும் ஒருங்கே செய்தவர். அவருடைய பேர்த்தியே வேலூர் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கட்டர். ஆர்க்காட்டுக்கு வந்த கிறிஸ்தவப் பணியின் ஒரு வேர் இவ்வாறு யாழ்ப்பாணத்து மண்ணில் இருக்கிறது.

தமிழர் தெலுங்கு நாட்டுக்குச் சென்ற வரலாறும் அதே யாழ்ப்பாணத்தைத் தொட்டே செல்கிறது. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா 1902இல் யாழ்ப்பாணம் சென்று, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் பொருளைக் கொண்டே பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. அது தேர்ந்த களம் ஐதராபாத் நிஜாமின் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். 1909இல் அவர் தாமே அங்குக் குடிபெயர்ந்தார். தெலுங்கு கற்று, 1912இல் அவ்வூரின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளையர் தம் பொருளையும் உழைப்பையும் தந்ததுண்டு, நட்பைத் தரவில்லையே என்னும் கருத்தைத் துணிந்துரைத்தார். மாநாடு என்றால் மேடைப் பேச்சும் மதிய உணவும் என்று எண்ணுகிறவர்கள் அவ்வுரையை ஒருமுறை தேடிப் படிக்கலாம்.

இனி, குரலைத் தாழ்த்திக் கேட்ட அன்பருக்கு வருவோம். திருப்பதி நகரம் கிறிஸ்தவர் காலடி படாத இடம் என்று அவர் எண்ணியிருந்தார். தென்னாந்திர லூத்தரன் திருச்சபையின் தலைமையிடமே திருப்பதிதான். ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் இப்பகுதியில் 1860களில் தொடங்கிய பணியின் தொடர்ச்சி அது. அம்மிஷன் திருப்பதியில் நடத்திய பள்ளியில் 1896 முதல் பயின்ற திருத்தணிச் சிறுவன், பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவராகவும் இந்து தத்துவத்தை உலகறியச் செய்த பேராசிரியராகவும் விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன்.

இதனினும் பழையது ஒன்று. திருப்பதியிலிருந்து பாகாலா செல்லும் வழியில் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. விசயநகரப் பேரரசு தளர்ந்த காலத்தில் வேங்கடபதி தேவராயர் அங்கிருந்து ஆண்டார். 1598இல் மயிலையிலிருந்த சேசு சபைப் பாதிரிமார் திருப்பதி வழியாக அவ்வரண்மனைக்குப் பயணப்பட்டனர். அறியாத நாடு, அறியாத அரசவை. அரசர் அவர்களை மரியாதையோடு வரவேற்றுக் கோயில் கட்டவும் இசைவளித்தார். தம் அவையில் பண்டிதர்களோடு சமய வாதம் புரியவும் இடந்தந்தார். அத்தொடர்பு சில ஆண்டுகளே நிலைத்தது. ஆனால் நாம் கருத வேண்டியது யாதெனில், அவ்வேங்கடபதி திருமலைப் பெருமாளின் பேரடியார். அவருடைய செப்புச் சிலை, கிருஷ்ணதேவராயரின் சிலை நிற்கும் மண்டபத்திலேயே, கூப்பிய கையோடு இன்றும் திருமலைக் கோயிலில் நிற்கிறது. தம் தெய்வத்தின் முன் ஓயாது கை கூப்பியவர்தாம் வேற்றுச் சமயத்தார்க்கு வாசல் திறந்தவர்.

ஆகவே வேதப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு கீழ்த்திருப்பதி வழியே செல்வதில் தடையொன்றுமில்லை. நம்மை எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மலைமேல் செல்வது மட்டும் வேறு செய்தி. திருமலையில் பிற சமயப் பிரசாரம் 2007 முதல் சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. அலிபிரிச் சாவடியில் பைகளைச் சோதிப்பர். மாநாட்டுத் துண்டறிக்கைகள், பாட்டுப் புத்தகங்கள் முதலியவற்றைக் கீழே விடுதியிலேயே வைத்துவிட்டுச் செல்க. இந்து அல்லாதவர் தரிசனம் செய்ய விரும்பினால், பெருமாளிடம் நம்பிக்கையுடையேன் என்று உறுதிப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். மனமொப்பாமல் அப்படிக் கையொப்பமிடுவது அவர்களுக்கும் மரியாதையன்று, நமக்கும் மரியாதையன்று என்பது நம் கருத்து. வேடிக்கை பார்க்க விரும்புகிறவர்கள் சந்திரகிரிக் கோட்டையைப் பார்க்கலாம்.

நம் குழுவில் ஒரு குடும்பத்தில் மாமியார் வைணவர், மருமகள் கிறிஸ்தவர். திருமணமாகிப் பதினோராண்டு கழிந்தும் இருவரும் சமயம் பற்றி ஒருவரோடொருவர் பேசியதில்லை என்று மகனே நம்மிடம் கூறியிருந்தார். இப்பயணத்தை ஏற்பாடு செய்தவர் மாமியார்தாம். மருமகள் சித்தூரில் மாநாட்டில் இருந்த நாள்களில், அவர் 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டை முன்பதிவு செய்து, மகனோடு மலையேறித் தரிசனம் செய்துவந்தார். பேரப்பிள்ளைகளை யார் அழைத்துச் செல்வது என்பதில் மட்டும் சிறு சிக்கல் எழுந்தது. மூத்தவள் தாயோடும் இளையவன் பாட்டியோடும் என்று பிள்ளைகளே தீர்த்துக்கொண்டனர்.

நான்காம் நாள் மாலை திருப்பதி ரயில் நிலையத்தில் எல்லோரும் கூடினோம். மருமகள் கையில் மாநாட்டுப் பை. மாமியார் கையில் லட்டு. "உன் கூட்டம் எப்படி அம்மா இருந்தது?" என்றார் மாமியார். "நன்றாக இருந்தது அத்தை. நீங்கள் நெடுநேரம் நிற்கவேண்டியிருந்ததா?" என்றார் மருமகள். பதினோராண்டில் முதன்முறையாக இருவரும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினர். ரேணிகுண்டா தாண்டியும் பேசிக்கொண்டிருந்தனர். லட்டை யார் யார் உண்டனர் என்று நாம் பார்க்கவில்லை. அரக்கோணம் வருவதற்குள் பொட்டலம் காலியாகிவிட்டது.