யாருக்குத் தெரிந்த ஆபத்து?

பெங்களூரு அடுக்குமாடி வீடுகளில் கழிப்பறை கழுவும் பெண்களில் தமிழர்கள் நிறைய. ஒரு கையில் ஆசிட், மறு கையில் பிளீச்சிங் பவுடர். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு; நுரையீரல் புண்ணாகும். எச்சரிக்கை, இருந்தால், பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ, எறும்பளவு எழுத்தில்.

எச்சரிக்காததற்கு வழக்குப் போடலாமா? கலிபோர்னியாவில் 1986-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 'புரொபொசிஷன் 65' படி, புற்றுநோய் ரசாயனத்தை மறைக்கும் நிறுவனத்தின் மீது பாதிக்கப்படாதவர்கூடப் போடலாம். (வக்கீல்களுக்கு நல்ல அறுவடை என்ற முணுமுணுப்பும் உண்டு.) இங்கே, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-வது பிரிவு, போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் 87-இல் ஒரு பின்வாசல்: பயன்படுத்துவோருக்குப் பொதுவாகத் தெரிந்த ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை.

ஆசிட் சுடும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது என்பது? 'பொதுவாகத் தெரிந்தது' என்று கம்பெனி வக்கீல் வாதாடினால், அது யாருடைய பொது அறிவு?

கொசு மருந்துக்கு வட்டார மொழி லேபிளை 1971-இன் பூச்சிக்கொல்லி விதிகளே கட்டாயமாக்கிவிட்டன. ஆசிட் பாட்டிலுக்கும் தமிழில், கன்னடத்தில் இரண்டு வரி போதும். மொழிபெயர்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்.