மகளைப் பார்க்க விசா கேட்கும் தாய்க்கு



ஜித்தாவில் கணவரோடு வசிக்கும் சகோதரியொருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலுள்ள மகளுக்கு இது தலைப்பிரசவம். பிள்ளை கிடைக்கும் நேரம் உம்மா பக்கத்தில் இருக்க வேண்டுமென்று மகள் அழுகிறாளாம். படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரோ, "மகள் அங்கிருப்பதைச் சொல்லாதீர்கள், ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லுங்கள்" என்றாராம். அப்படிச் சொல்லலாமா என்பது கேள்வி.

கூடாது. பொய் ஹராம் என்பதை நான் சொல்லித்தான் இச்சகோதரி அறிய வேண்டுமென்பதில்லை. உலகக் காரியமாகப் பார்த்தாலும் இது புத்தியான யோசனையல்ல. டிஎஸ்-160 என்ற அந்தப் படிவத்திலேயே, பிள்ளைகளோ உடன்பிறந்தாரோ அமெரிக்காவில் இருக்கிறார்களா என்ற கேள்வி உண்டு. இல்லையென்று எழுதிப் பின்னர் வெளிப்பட்டால், ஏமாற்றி விசா பெற முயன்றவரென்று ஆயுள் முழுவதற்கும் தடை விழலாம். சாதாரணமாக மறுக்கப்பட்டவர் மீண்டும் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். இந்தத் தடை விழுந்தவருக்கோ மகளைப் பார்க்கும் வழி மிகவும் குறுகிவிடும். அதுவும் எதற்காக? பிள்ளைகளைப் பார்க்கப் போவது பி-2 விசாவில் அனுமதிக்கப்பட்ட காரியம்தானே! அங்கே சம்பளத்துக்கு வேலை செய்வதே தடை.

அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விசா கேட்டு வரும் ஒருவரை நிரந்தரமாகக் குடியேற வருபவராகவே முதலில் கருதுகிறது. அப்படியல்ல என்று காட்டுவது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. மகளும் மருமகனும் அனுப்பும் அழைப்புக் கடிதத்தைப் பெரிய ஆயுதமாக நம் தாய்மார் நினைக்கிறார்கள். அதிகாரி பார்ப்பது உங்களைத் திரும்பி வரச்செய்யும் பிடிமானத்தை. அது உங்களுடையதாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் வசிப்பவருக்கு இது சற்றுச் சிக்கலானது. சொந்த நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டுமென 2025 செப்டெம்பரில் அறிவித்தார்கள். இச்சகோதரிக்கு இகாமா இருப்பதால் சஊதியிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த இகாமா கணவரின் தொழிலைத் தொங்கிக்கொண்டிருப்பது. ஆகவே கணவரின் தொழில், சம்பளம் பற்றிய கம்பனிக் கடிதம், வங்கிக் கூற்று, அங்கே படிக்கும் பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், ஊரிலுள்ள வீட்டின் உறுதி ஆகியவற்றை எடுத்துச் செல்லட்டும். அதிகாரி ஒன்றையும் பார்க்காமலே முடிவு சொல்லவும் கூடும். அதற்காகப் பதற வேண்டாம்.

நேர்முகம் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஏன் போகிறீர்கள், எத்தனை நாள், செலவு யாருடையது, கணவர் என்ன வேலை என்பவைதான் அநேகமாகக் கேட்கப்படும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதைக் கேட்டாலும் "அவருக்குத்தான் தெரியும்" என்பது நம் பெண்களில் பலருக்குப் பழக்கம். வீட்டில் அது அடக்கமாக இருக்கலாம். கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் அதிகாரிக்கோ, யாரோ அனுப்பிவைக்கும் பெண்ணாகத் தோன்றும். கணவரின் கம்பனிப் பெயர், சம்பளம், மகளின் முகவரி, பிரசவத்துக்குச் சொல்லப்பட்ட திகதி, திரும்பும் நாள் இவற்றைக் கணவரோடு உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்ளுங்கள். பாடமாக்கி ஒப்புவிக்க வேண்டாம். கேள்வி விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். வேறொருவர் நிரப்பினாலும் படிவத்துக்குப் பொறுப்பு நீங்களே. ஒவ்வொரு விடையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு அனுப்புங்கள்.

புகைப்படத்தில் தலையை மறைத்திருக்கலாம், முகம் முழுதும் தெரிய வேண்டும். 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடியும் கூடாது. கட்டணம் 2023 ஜூனிலிருந்து 185 டொலர். மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். தொகை மாறக்கூடியதாகையால் செலுத்துமுன் தூதரக அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா கிடைத்தாலும் எத்தனை நாள் தங்கலாமென்று தீர்மானிப்பவர் அங்கே விமான நிலையத்திலுள்ள அதிகாரி. அத்தோடு, சஊதியை விட்டுப் புறப்படுமுன் மறுநுழைவு அனுமதி எடுத்திருக்க வேண்டும். அதன் காலம் முடியுமுன் திரும்பிவிட வேண்டும். பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த பின் இன்னும் ஒரு மாதம் இருப்போமே என்று மனம் சொல்லும். நாட்களை இப்போதே கணவரோடு எண்ணி வையுங்கள்.

மஹ்ரமின்றிப் பயணம் செய்வது பற்றியும் இச்சகோதரி கேட்டிருக்கிறார். அதனை அடுத்த இதழில் தனியாக எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.